சாமுவேல் என்று இரண்டு பேர்

றோஸ்மலரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சும்மா இராத வாய். கேட்டதற்கு ஒன்றும் கேளாததற்கு இரண்டுமாகப் பதில் சொல்லும். "சிவகௌரி, உம்மட வாயாலதான் ஒரு நாளைக்கு வினை வரும்" என்று என் புருஷன் அம்பலவாணன் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேய் பிசாசு, கண்ணூறு இவற்றிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்ட நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், பத்து வருஷமாகியும் அந்த விஷயம் என்னை விட்டுப் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

எண்பத்து மூன்றிலிருந்து நான் வட லண்டனில், யூத முதியவர்களுக்கான ஓர் இல்லத்தில் சமையலறை வேலை பார்த்தேன். அவர்கள் சமய முறைப்படி இறைச்சிப் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பால் பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. இதன் கரண்டி அதில் படக்கூடாது. வெள்ளைக்காரப் பெண்கள் மாறி மாறிப் பிழை விட்டு ஏச்சு வாங்குவார்கள். மரக்கறிச் சட்டியில் மீன் தொட்ட மச்சக் கரண்டி பட்டால் சட்டியையே தூக்கி எறிகிற வீட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிய வித்தையாகப் படவில்லை.

றோஸ்மலர் எண்பத்தைந்தில் வேலைக்கு வந்தாள். மன்னார்ப் பக்கம், பேசாலை. வேதக்காரி, கத்தோலிக்கம். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கைபிடித்து நடக்க வைக்கிற வேலை. அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. புருஷன் செபமாலைமுத்து பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். எட்மண்டனில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார்கள். கலியாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. மாதத்தில் ஒரு நாள் கண் சிவந்து வருவாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன், காரணம் கேட்க மாட்டேன். என் வாய்க்கும் அடங்கத் தெரிந்த இடங்கள் சில உண்டு.

கடைசி அறையில் மிஸ்டர் சாம் இருந்தார். எண்பத்தாறு வயது. கிழக்கு லண்டனில் ஐம்பது வருஷம் கோட் தைத்தவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. தங்கையின் மகன் ஒருவன், தாடியும் கறுப்புத் தொப்பியுமாகக் கிழமைக்கு ஒருமுறை வருவான். சாம் நல்ல பகிடிக்காரர். என் சூப்பைக் குடித்துவிட்டு, "மிஸ்ஸிஸ் கௌரி, உங்கள் நாட்டில் உப்புக்கு வரி போட்டிருக்கிறார்களா?" என்று கேட்பார். எல்லாம் ஆங்கிலத்தில் பேசியதுதான், நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு நாள் நான் சூப் கொண்டு போனபோது, றோஸ்மலர் அவர் காலுக்குக் கம்பளி மேசோடு போட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்னாள் என்று ஒருத்தி. பிள்ளை இல்லை. கோயிலுக்குப் போய் அழுதாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கிழட்டுக் குருவானவர் அவளைக் குடிகாரி என்று நினைத்து ஏசினார். ஒரு மகனைத் தந்தால் உனக்கே திருப்பித் தருகிறேன் என்று அவள் கடவுளிடம் நேர்ந்துகொண்டாள். பிறந்த மகனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தாள். எங்கள் பாஷையில் ஷ்முவேல், என் முழுப் பெயரும் அதுதான். கடவுளிடம் கேட்டுப் பெற்றவன் என்று அர்த்தம். படித்தவர்கள் வேறு அர்த்தமும் சொல்வார்கள், கடவுளின் பெயர் என்று. என் தாய் படிக்காதவள். அவளுக்குக் கேட்டுப் பெற்றவன்தான்."

"பிறகு மகனைத் திருப்பிக் குடுத்தாளோ?" என்று றோஸ்மலர் கேட்டாள்.

"பால் மறந்ததும் கோயிலில் கொண்டுபோய் விட்டாள். ஒரு நாள் கடவுள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளைக்கு அது விளங்கவில்லை. கிழவர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, இதோ இருக்கிறேன் என்று அவரிடம் ஓடினான். மூன்று தரம்."

"என்ர ஞானஸ்நானப் பெயரும் அன்னம்மாதான், சாம் ஐயா" என்றாள் றோஸ்மலர். வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் றோஸ்மலர் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் உதட்டை மட்டும் அசைத்துச் செபிப்பதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். ஆனால் எண்பத்தேழு ஒக்டோபரில், லண்டன் மரங்களையெல்லாம் காற்றுப் பிடுங்கிப் போட்ட அந்தக் கிழமையில், அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சமையலறையில் ஒரு தட்டைப் போட்டு உடைத்தேன்.

பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்து, கோயிலில் ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்கள். சாமுக்குச் சொல்லாமல் வைத்திருந்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. நன்மை செய்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதைவிட எங்கள் ஆட்களிடம் வேறு பெரிய மரியாதை இல்லையே. மார்கழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"இவரும் சாமுவேல்தான். உங்கட பெயர்தான் ஐயா."

அந்த மனிதரின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்ணால் கண்டேன். பிள்ளையைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார்.

"நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்றார். "உயிரோடு இருக்கிறவனின் பெயரை ஏன் வைத்தாய்?"

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்களாம். மரண தூதன் பெயரையும் தாயின் பெயரையும் மட்டும் கேட்டுக்கொண்டு வருவான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கிழவனுக்கு வந்தவன் பிள்ளையைக் கொண்டு போய்விடுவான்.

"தாயின்ர பெயர் வேறதானே" என்றேன் நான், புத்திசாலித்தனமாக.

"என் தாயின் பெயரும் அன்னாள்" என்றார் சாம்.

எங்கள் யமனும் ஆள் மாறிப் பிடித்த கதைகள் கேட்டுத்தான் இருக்கிறேன், ஆனால் அவை சிரிப்பதற்குச் சொன்ன கதைகள். றோஸ்மலர் பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். தம்பி, குஞ்சு, மோனை, அவ்வளவுதான்.

தை மாதம் சாமுக்கு நெஞ்சில் சளி கட்டி, டொக்டர் கைவிரித்துவிட்டார். தங்கையின் மகன் பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கட்டிலைச் சுற்றி நின்று சங்கீதங்கள் படித்து, இனி இவர் பெயர் ஹயீம் என்று அறிவித்தார்கள். உயிர் என்று அர்த்தமாம். ஷ்முவேலைத் தேடி வருகிறவனுக்கு ஷ்முவேல் கிடைக்க மாட்டான் என்று அந்தத் தாடிக்காரன் எனக்கு விளக்கம் சொன்னான். ஊரில் குப்பை, பிச்சை என்று பெயர் வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறவர்களை எனக்கும் தெரியும் என்பதால் தலையாட்டிவிட்டு வந்தேன். கதவுப் பலகையில் பெயர் மாறியது. என் சமையலறையில் இருந்த அவருடைய சாப்பாட்டு அட்டையிலும் மாற்றினார்கள்.

ஒன்பதாம் நாள் அவர் எழுந்து நடந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார். இரண்டு தட்டு மீன் சாப்பிட்டார். ஆனால் பகிடி விடவில்லை. சாம் என்று யாராவது வாய் தவறிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், முன்வாசல் மேசையில் இருக்கிற பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன நேரம், ஒருவர் வந்தார். சாம்பல் நிறக் கோட், கையில் தொப்பி. முகத்தைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பத்து வருஷமாக முயன்று பார்த்துவிட்டேன், அந்தத் தொப்பிதான் நினைவில் வருகிறது. மிக மரியாதையாகக் கேட்டார்.

"அன்னாளின் மகன் சாமுவேல் இருக்கிறாரா?"

பட்டியலைப் பார்த்தேன். "அப்படி ஒருவரும் இப்போது இங்கே இல்லை."

"வேறெங்காவது?"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா? "இங்கே வேலை செய்கிற பெண்ணின் குழந்தை ஒன்று இருக்கிறது, அந்தப் பெயரில். தாயும் அன்னம்மாதான், என்ன பொருத்தம் பாருங்கள்! எட்மண்டனில்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வருகிறவர்கள் எழுதும் புத்தகத்தை மூடப் போனபோதுதான் பார்த்தேன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் சாமுவேல் என்று இருந்தது. வந்தவர் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அவர் பேனையைத் தொட்டதையே நான் காணவில்லை.

அன்றிரவே பிள்ளைக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருக்கிறது. புதன்கிழமை வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாலு மாதப் பிள்ளை, கண்ணாடிக் கூட்டுக்குள் விலா எலும்பு தெரிய இழுத்துக்கொண்டு கிடந்தது. றோஸ்மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அக்கா, ஐயாவிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் அவருடைய கட்டிலடியில் முழந்தாளிட்டாள். நான் கதவடியில் நின்றேன்.

"ஐயா, உங்கட பெயரைத் திருப்பி எடுங்கோ."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்பத்தேழு வயதாகிறது, எனக்கென்ன பயம் என்று நினைக்கிறாயா?" என்றார். "பயமாக இருக்கிறது. முந்தியதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. பத்துப் பேர் நின்று செபித்துத் தந்த உயிர் இது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?"

"எனக்குத் தெரியாது ஐயா. என்ர பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு."

"போ" என்றார் அவர். "தயவுசெய்து போ."

அவள் எழுந்து போனாள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் சூப்பில் உப்பே போடவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் காலையில் வந்தபோது அவர் முன்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். தானே தைத்த நீலக் கோட், கழுத்தில் டை, சவரம் செய்த முகம். கதவுப் பலகையிலிருந்து பிய்த்த ஹயீம் என்ற அட்டை அவர் மடியில் கிடந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், அவர் எழவில்லை. நானும் ஏதாவது சாட்டுச் சொல்லி அடிக்கடி மண்டபத்துக்கு வந்து பார்த்தேன். மூன்றரை மணிக்கு, முன்வாசல் பெண் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம், மணி அடித்தது. கண்ணாடிக்கு அப்பால் சாம்பல் கோட். என் கை கதவுக்குப் போகவில்லை.

"திறவுங்கள், மிஸ்ஸிஸ் கௌரி" என்றார் சாம்.

திறந்தேன். வந்தவர் அதே மரியாதையோடு அதே கேள்வியைக் கேட்டார். கிழவர் கதிரையின் கையைப் பிடித்து எழுந்து நின்றார்.

"நான்தான். அன்னாளின் மகன் சாமுவேல். இதோ இருக்கிறேன்."

"ஒரு குழந்தை என்று இவர் சொன்னாரே" என்று வந்தவர் என்னைப் பார்த்தார்.

"இவளா? இவள் சமையல்காரி. உப்பு எவ்வளவு போடுவதென்றே தெரியாதவள். இவளுக்கு என்ன தெரியும்?" என்றார் சாம். என்னைப் பார்த்த கண் மட்டும் கெஞ்சியது.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். "பிழையாகச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு குழந்தை இல்லை."

இருவரும் நடைவழியில் கடைசி அறைப் பக்கம் போனார்கள். கிழவர்தான் வழி காட்டிக்கொண்டு முன்னால் போனார். நாலரைக்கு நான் தேத்தண்ணீர் கொண்டு போனபோது அவர் மட்டும் கதிரையில் இருந்தார், கண் மூடியபடி. அழுதுகொண்டே அவர் டையைச் சரி செய்தேன். ஆறு மணிக்குச் செபமாலைமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தான். பிள்ளை இழுக்காமல் மூச்சு விடுகிறது, பால் குடிக்கிறது என்றான்.

அது தற்செயல் என்று அம்பலவாணன் சொல்கிறார். கிழவருக்கு வயது, பிள்ளைக்கு மருந்து. இருக்கலாம். ஒரு முறை றோஸ்மலரிடம் நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ அக்கா," என்றாள். "ஒரு மனுசனிட்டப் போய் உன்ர உயிரைத் தா எண்டு கேட்டனான். நான் கேட்டது எனக்குத் தெரியும்."

பொடியனுக்கு இப்போது பத்து வயது. சாமுவேல் என்றுதான் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். செத்தவரின் பெயர்தானே, இனி அவர்கள் வழக்கத்துக்கும் சரி. போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்மண்டன் யூதச் சவக்காலைக்கு மூவருமாகப் போனோம். சாமின் கல்லடியில் றோஸ்மலர் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தால் பொடியனைக் காணவில்லை. ஆயிரக்கணக்கான கற்கள், ஆளுயரத்துக்கு நெருக்கியடித்து நின்றன, வெளிச்சமும் மங்கிக்கொண்டு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடியில் ஓடிவந்திருப்பான். றோஸ்மலர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்து, வரிசை வரிசையாக ஓடித் தேடத் தொடங்கினாள். நான் மற்றப் பக்கத்தால் ஓடினேன். கால்மணி நேரம் தேடித்தான் அவனைக் கண்டுபிடித்தோம். நானும் வாயைத் திறக்கவில்லை.