ஜவ்பர் நானாவின் போனில் இடமில்லை

"டீச்சர், போன்ல இடமில்லயாம். எதையாச்சும் அழிக்கச் செல்லுது. எனக்கேலா."

அழைத்தது என் மாணவி ஸப்ரா. சோதனை ஒன்பது மணிக்கு. எட்டரை தாண்டிவிட்டது. கொரோனா முடக்கக் காலம். நான் தில்லையடியில் என் வீட்டில், அவள் கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில். பெண் பிள்ளைகளுக்கான இலவச வெப் டிசைன் கோர்ஸுக்கு ஆள் எடுக்கும் ஒன்லைன் சோதனை அது. போனில் ஒரு அப்பை, அதாவது செயலியை, இறக்கினால்தான் எழுதலாம். காசு கட்டிப் படிக்க அவளுக்கு வழியே இல்லை.

இளம் ஐசிடி, அதாவது கணினிப் பாட, ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன், ஆகவே என் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். அஸ்ஹர் என்று ஒருவன் இருந்தான். வாப்பாவுக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடை. வீட்டு லெப்டொப்பை அடிக்கடி குழப்பிவைப்பான், ஏச்சு வாங்குவான், பிறகு தானே சரிப்படுத்துவான். அவன் கெட்டிக்காரனானது அப்படித்தான். ஸப்ரா வீட்டில் ஒரேயொரு போன். அது பொலித்தீன் பைக்குள் மீனவரான அவள் வாப்பா ஜவ்பர் நானாவோடு கடலுக்குப் போய்வரும். மீன் கூடும் பார்களை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டுகளையெல்லாம், அவர் அதிலிருந்த மெப்பில், வரைபட அப்பில்தான் குறித்துவைத்திருந்தார். அதைக் குழப்பிப் பழக அவளால் முடியாது. "எதையும் அமத்திப் பாருங்க புள்ளயள்" என்றால் வகுப்பே அமத்தும். அவள் விரல் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

சோதனைக்காகவே அன்று ஜவ்பர் நானா கடலுக்குப் போகவில்லை.

"எது கூடுதலா இடம் புடிச்சிருக்கு எண்டு பாருங்க" என்றேன்.

"வாப்பாட மெப்."

"குறிச்ச இடங்கள எனக்கு அனுப்பிட்டு மெப்ப அழிங்க. பின்னேரம் திரும்பப் போட்டுத் தாறன்."

அவள் அனுப்பாமல் வாப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது. தன் பார் எங்கே என்று எந்த மீனவரும் வெளியில் சொல்லமாட்டார். என் தம்பிமார் இருவரும் அதே கரையில் தொழில் செய்பவர்கள்.

ஜவ்பர் நானா போனை வாங்கினார். "டீச்சர், என்ட சொந்தத் தம்பிக்கே நான் அந்த இடங்களச் செல்லல்ல."

"தெரியும் நானா."

 பிறகு மகளிடம் சொன்னார்: "அனுப்புங்க மகள். டீச்சர்தானே."

லைனைத் துண்டித்தேன். கதைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பழைய போனில் டேட்டா ஓடாது.  ஃபைல் வந்து விழுந்தது. திறந்து பார்த்தேன், எல்லாப் புள்ளிகளும் இருந்தன. "அழிங்க" என்று ஒரே சொல் அனுப்பினேன். ஒன்பதுக்குச் சற்று முன் பதில் வந்தது: "உள்ளுக்குப் போய்ட்டன் டீச்சர்." சந்தோஷத்தில் கதிரையில் இருக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பின்னேரம் ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். மெப்பும் பார்களும் போனுக்குத் திரும்பின. என்னிடமிருந்ததை அப்போதே அழித்துவிட்டேன். கதை வெளியே வந்த பிறகு என் தம்பிமார் அதைக் கேட்காத நாளில்லை. ஒன்றுமில்லை என்றால் நம்புகிறார்களா?

ஸப்ராவுக்குக் கோர்ஸ் கிடைத்தது. இப்போது கற்பிட்டி ஹோட்டல்களுக்கு வெப்சைட் செய்கிறாள். "அண்டைக்கு அழிச்சிட்டுத் திரும்ப எடுத்தன்தானே டீச்சர், அதோட பயம் போச்சு" என்றாள்.

அதன் பிறகு ஓய்வுபெறும்வரை என் முதல் பாடம் அதுதான்: ஒன்றை அழியுங்கள், திரும்ப எடுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பிழைவிட்டுப் பழகியே வகுப்புக்கு வருகிறது. மற்றப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை நாம்தான் கொடுக்கவேண்டும். உங்கள் வகுப்பில் ஒரு விரல் பட்டனைத் தொடத் தயங்கினால், பாடம் விளங்கவில்லையா என்று கேட்காதீர்கள். வீட்டில் போன் யாருடையது என்று கேளுங்கள்.