கம்ப்யூட்டரக்காவும் பழைய பதிப்பும்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவரைக் கம்ப்யூட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ வரவேற்பு மேசைக்கு. பிரிண்டர் தாளைக் கவ்விக்கொண்டு நின்ற ஒரு நாள், மற்றவர்கள் அதன் தலையில் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தாளை எடுத்தார். அதோடு மாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கட்டடத்தில் வயர் உள்ள எது மக்கர் செய்தாலும் அவர் பெயர்தான் அடிபட்டது. படித்துத் தெரிந்துகொண்டது பாதி, முட்டி மோதித் தெரிந்துகொண்டது பாதி. பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தார். அதில் அவருக்கே நம்பிக்கை கிடையாது.

பட்டறையின் பின்னறையில் ஒரு செதுக்கு இயந்திரம் இருந்தது. காலை இழந்தவரின் மிச்சக் காலை அளந்து கொடுத்தால், அதே வடிவத்தில் ஒரு நுரைக்கட்டையைச் செதுக்கித் தரும். அதன் மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தி, கால் நுழையும் கூடு செய்வார்கள். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதை ஓட்டும் மென்பொருள்தான் தொல்லை. அதை எழுதிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அது ஓடுவதோ யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய விண்டோஸில் மட்டும். அதனால் அந்தப் பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கும் மென்பொருளுக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வருவதற்கு முன்பே யாரோ செய்துவைத்த ஏற்பாடு அது. செய்தவர் வெளிநாடு போய்விட்டார்.

ஒரு காலையில் அந்தக் கணினி புகை விட்டு அடங்கியது. பொய்க் கணினிக்குக் காப்பாக எடுத்து வைத்திருந்த நகல் அக்காவிடம் இருந்ததால் அவர் பதறவில்லை. புதுக் கணினி வந்தது. மெய்நிகர் மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கி நிறுவினார். பொய்க் கணினி அழகாகத் திறந்தது. செதுக்கு மென்பொருளும் திறந்தது. ஆனால் இயந்திரத்தின் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை.

காரணம் தெரிய இரண்டு நாள் பிடித்தது. இயந்திரத்தின் வயர், முன்காலத்துப் பிரிண்டர்களுக்கு இருந்த அகலமான துளையில் செருகுவது. அந்தத் துளைக்காகப் புதுக் கணினியில் ஒரு அட்டையும் பொருத்தியாகிவிட்டது. ஆனால் பொய்க் கணினிக்குள் அந்தத் துளையைக் காட்டும் வசதியைப் புதிய பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய பதிப்பில் உண்டு. அதிலும் இறக்கி நிறுவும் தயார்ப் பதிப்பில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். வேண்டுமென்றால் நிரலை எடுத்து, அந்த வசதியைத் திறந்துவிட்டு, நாமே கம்பைல் செய்து, அதாவது எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

“டவுன்லோடு பண்ணா வேலை முடிஞ்சுதே?” என்றார் மேலாளர்.

“டவுன்லோடு பண்ணதுல அது இல்ல சார். நாமதான் கட்டணும்.”

“அப்ப கட்டுங்க. என்ன, ஒரு மத்தியானம் ஆகுமா?”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு மத்தியானம்தான் ஆகும் என்றே தோன்றியிருந்தது.

பழைய பதிப்பைக் கம்பைல் செய்யப் பழைய கம்பைலர் வேண்டும். பழைய கம்பைலர் புதிய விண்டோஸில் ஏற மறுத்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை ஏற்றினால், துணைக்கு ஆயத்த நிரல்கள் அடங்கிய ஒரு நூலகம் கேட்டது. அந்த நூலகத்தின் புதிய பதிப்பு பிடிக்கவில்லை. அந்தக் காலத்துப் பதிப்புதான் வேண்டுமாம். அதற்கான இணைப்பைச் சொடுக்கினால், ‘இந்தப் பக்கம் இங்கே இல்லை’ என்று வந்தது. எங்கெங்கோ துழாவி ஒரு பல்கலைக்கழகத்தின் மூலையில் கண்டெடுத்தார். எல்லாம் சேர்ந்த பிறகு, தேவையானவை இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் நிரல் முதல் வரியிலேயே நின்றது. காரணம், கம்பைலர் இருந்த கோப்புறையின் பெயரில் ஒரு இடைவெளி. பெயருக்கு நடுவே வெறும் இடம் இருந்ததற்காக ஒரு நாள் முழுக்கப் போனது.

இணையத்தில் இதே பிழையோடு ஒருவர் முட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. ஆவலோடு கீழே போனார். ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று முடித்திருந்தார் அந்த மனிதர். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை.

“நல்லா இருப்பியா நீ?” என்று திரையைப் பார்த்து அக்கா சத்தமாகவே கேட்டார். பிளாஸ்டர் பிசைந்துகொண்டிருந்த தொழில்நுட்பர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். இயந்திரம் நின்றதிலிருந்து அவர்தான் எல்லா அச்சையும் கையால் செதுக்கினார். அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது.

காத்திருந்தவர்களில் ஒரு கூரியர்காரரும் இருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர். பழைய கூடு தொளதொளவென்று ஆகிவிட்டதால் காலுறை மேல் காலுறையாகப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்சல் வரும்போதெல்லாம் அறைக்குள் எட்டிப் பார்ப்பார்.

“என்னக்கா, இன்னும் வழிக்கு வரலியா?”

“வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குதுப்பா” என்று சொன்ன பிறகுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூரியர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப நம்ம ஆளுதான். நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?”

அவர் சிரித்தது அக்காவை இன்னும் வாட்டியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டிலும் அதே முகம்தான். அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பிடும்போது வேடிக்கையாகப் பேசியே பழக்கம்.

“எல்லாரும் வண்டிய முன்னால ஓட்டுறாங்க. நீ மட்டும் ரிவர்ஸ்லயே போறியே?”

“எனக்கு என்ன வேண்டுதலா? புதுசுல எடுத்துட்டாங்கன்னா நான் என்ன பண்றது?” தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தண்ணீர்க் குவளையைப் பார்த்தார்.

மறு வாரம் கம்பைல் ஓடத் தொடங்கியது. திரையில் வரிகள் மளமளவென்று ஏறின. அக்கா நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் டீ குடித்து வருவோம் என்று எழுந்து போனதுதான் தப்பு. திரும்பி வந்தபோது நீலத் திரை. புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்காதீர்கள் என்றது விண்டோஸ். முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை பாதி வழியில் வைரஸ் தடுப்பான் விழித்துக்கொண்டு, அப்போதுதான் பிறந்த ஒரு கோப்பைச் சந்தேகத்தின் பேரில் அழித்தது. அதையும் அடக்கி வைத்து மறுபடி ஓட்டினார்.

முடிந்தது. ஒரு பிழையும் இல்லை. அக்கா கை தட்டிவிட்டார்; தொழில்நுட்பர் பிளாஸ்டர் கையோடு ஓடி வந்தார். ஆனால் விண்டோஸ் அதை ஏற்கவில்லை. முறையான கையொப்பம் இல்லாத நிரலாம். சோதனை முறைக்கு மாற்றி, அதையும் ஒப்புக்கொள்ள வைத்து, வயரைச் செருகினார்.

விளக்கு எரியவில்லை.

அக்கா நாற்காலியில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மெதுவாக ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தார். அந்தத் துளைக்கான வசதியைத் திறந்துவிடும் வரியில் ஒரு எழுத்தை அவரே தவறாகத் தட்டியிருந்தார். தெரியாத பெயர் என்று ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல், அந்த வரியை விழுங்கிவிட்டு, அந்த வசதி இல்லாமலேயே எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டித் தந்திருந்தது கம்பைலர். யாரைத் திட்டுவது? ஊரையெல்லாம் திட்டிய பிறகு தன் விரலைத் திட்ட அவருக்குத் தெம்பில்லை.

எழுத்தைத் திருத்தி மறுபடியும் ஓட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கத்தி இறங்கி நுரையைச் சீவத் தொடங்கியதும் அறை முழுக்க வெள்ளைத் தூள் பறந்தது. தொழில்நுட்பர் வீங்கிய கையால் அக்காவின் தோளைத் தட்டினார். “என் கையக் காப்பாத்துனீங்கக்கா.”

அந்த வாரமே கூரியர்காரர் புதுக் கூட்டை மாட்டிக்கொண்டு, பயிற்சிக் கம்பிகளைப் பிடிக்காமல் நடந்து பார்த்தார். ஓரத்தில் அழுத்துகிறது என்றார். இழைத்துக் கொடுத்ததும் முகம் மலர்ந்து, “செருப்பு வாங்குற மாதிரி முடிஞ்சுது” என்றார். செருப்பு வாங்குகிற மாதிரியா என்று அக்கா மனதுக்குள் முறைத்தாலும், அவர் போன பிறகு வாசல்வரை போய் எட்டிப் பார்த்தார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அக்கா மேலாளரிடம் போனார். “சார், இது ஒட்டுப் போட்ட சட்டை. எப்ப கிழியும்னு சொல்ல முடியாது. புது மிஷினுக்கு எழுதிப் போடுங்க.”

மேலாளர் பின்னறையிலிருந்து வந்த சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். “இதுதான் ஓடுதேம்மா? ஓடுற மிஷின வெச்சுக்கிட்டுப் புதுசு கேட்டா எவன் குடுப்பான்?”

ஓட வைக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள். மேலாளர் முன்னால் நின்றபோதுதான் அது அக்காவுக்கு உறைத்தது.

“அப்ப எனக்கு ஒரு வாரம் லீவு வேணும் சார்.”

“இப்பவா? மறுபடி நின்னுட்டா?”

“நின்னா, புதுசு கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.