காரணம் எழுதாத நாட்கள்

நீர்ப்பாசன அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கரடியனாற்றுப் பக்கத்துக் குளமொன்றின் நீர்மட்டத்தைத் தினமும் காலையில் பார்த்துப் பதியும் வேலை. பதிவேட்டின் கடைசி நிரலுக்குத் தலைப்பு ‘காரணம்’. மட்டம் வழமைக்கு மாறாக ஏறினால் அல்லது இறங்கினால் மட்டும் அதில் எழுதுவோம்: மழை, மதகு திறப்பு, கசிவு. மற்ற நாட்களில் வெறுமையாக விடுவோம். சொந்த விஷயம் எதையும் பதிவேட்டில் எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. இந்த இரண்டு பழக்கங்களும் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டன.

மூன்று வருஷத்துக்கு முன், மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கிட்ட ஒரு வேலியோடு மோதினேன். பரிசோதித்த வைத்தியர், நித்திரையில் எனக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது என்றார். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் மாட்டி இரவு முழுவதும் காற்றை அழுத்தி அனுப்பும் மெசின் வந்தது. காலையில் அதன் திரையில் ஒரு எண் தெரியும். ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்ற கணக்கு. அது ஐந்துக்குள் நிற்க வேண்டும் என்றார் வைத்தியர்.

ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். திகதி, நித்திரை கொண்ட நேரம், மாஸ்க்கில் காற்றுக் கசிவு, எண், காரணம். வீட்டு நடப்புகளுக்கு எப்போதும்போல டயறி தனியாக இருந்தது.

எண் பெரும்பாலும் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் நின்றது. இடைக்கிடை பன்னிரண்டு, பதினான்கு என்று ஏறும். அப்போது காரணம் தேடி எழுதுவேன். ‘கச்சான் காற்று, மூக்கடைப்பு.’ ‘இரவு இறால் கறி, பிந்திச் சாப்பாடு.’ என் மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கொப்பியை எட்டிப் பார்ப்பாள். மெலிந்த உடம்பு, ஓயாத வாய். ஒரு தடவை பனிச்சங்கேணியிலிருந்து அவளுடைய தங்கை வந்திருந்தபோது, என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“இவரப் புரட்டிறதும் கவிண்ட தோணியப் புரட்டிறதும் ஒண்டுதான் புள்ள. மெசின் வந்தும் எனக்கு வேலை குறையல்ல.”

தங்கை சிரித்தாள். என் உடம்பின் பருமனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

நோய்க்காரன் நான். போனது அவள். ஒரு காலையில் தலை இடிக்கிறது என்று அடுக்களையில் இருந்தவள், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள்.

செத்த வீடு முடிந்து ஆறாம் நாள் மெசினை மறுபடி போட்டேன். ஒன்பது. அடுத்த நாள் பதினாறு. பிறகு ஐந்து, பதின்மூன்று, எட்டு. என்ன முறையில் ஏறி இறங்குகிறது என்று பிடிபடவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகள் தினமும் காலையில் எண்ணைக் கேட்டாள். தாயைப் பறிகொடுத்தவளுக்கு அந்த எண்தான் தகப்பனின் உயிர். எண் அடங்காவிட்டால் என்னைத் தனியே விடமாட்டேன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனமில்லை. அடுக்களையில் மனைவி வைத்த இடத்திலேயே எல்லாம் இருந்தது. கொப்பியில் பதினாறு என்று எழுதிவிட்டு மகளுக்கு நாலு என்று அனுப்பினேன். என் கையால் நான் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது. அதற்குப் பிறகு எண் கூடிய நாளெல்லாம் அப்படித்தான் அனுப்பினேன்.

மெசின் வாங்கிய கடை காத்தான்குடியில். அங்கே மெசின் பார்க்கும் இளைஞர் அதன் மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுக் காட்டினார். கசிவுக் கோடு மேலே ஏறியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“தாடி இரிக்கி சேர். மயிருக்கு மேல மாஸ்க் ஒட்டாது. காத்து வெளிய போனா மெசின் சொல்ற நம்பரையும் நம்பேலா.”

முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை சவரம் செய்ய முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம், ஒரு கிழமையைச் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தாடிதான் காரணம் என்று ஆறுதலாக இருந்தது. முப்பத்தோராம் நாள் முடிந்து சவரம் செய்தேன். கசிவு நின்றது. ஒரு கிழமை சேர்த்துப் பார்த்தேன். சராசரி பதினொன்று.

மறுபடி காத்தான்குடிக்குப் போனேன். அந்த இளைஞர் ஒவ்வொரு இரவாகத் திறந்து பார்த்தார். மூச்சு நின்ற இடங்கள் சில மணித்தியாலங்களில் கும்பலாகவும், மற்ற நேரம் ஒன்றுமில்லாமலும் இருந்தன. “மல்லாக்கப் படுக்கீங்களா சேர்?” என்று கேட்டார். சில பேருக்கு மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும், சரிந்து படுத்தால் சரியாகிவிடும் என்றார்.

நித்திரையில் நான் எப்படிக் கிடக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றேன். சொல்லும்போதே, அது தெரிந்திருந்த ஒரேயொரு ஆள் யார் என்பது நினைவுக்கு வந்தது. அதன் பின்னால் அந்தத் தோணிக் கதையும் வந்தது.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல், கொப்பியையும் டயறியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இரண்டரை வருஷத்தில் அவள் இருந்தபோது எண் பத்தைத் தாண்டிய காலைகள் ஒன்பது. கச்சான் காற்று என்று எழுதிய இரவு அவள் பனிச்சங்கேணியில், தங்கையின் மகளுடைய பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். இறால் கறி என்று எழுதிய இரவு அவள் கோயிலில், சடங்குக்கு. ஒன்பதுக்கும் டயறியில் அதே வரி: ‘மனைவி வீட்டில் இல்லை.’ இரண்டையும் எழுதியது என் கை. ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மற்ற எல்லா இரவும் எண் தாழ்வாக இருந்தது. அந்தக் காலைகளில் காரண நிரல் வெறுமை. பக்கம் பக்கமாக வெறுமை. நன்றாக இருப்பதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னாள்தான். நான்தான் சிரித்தேன். ஒரு இரவில் என்னைச் சரித்துவிட எத்தனை தடவை எழும்பியிருப்பாள் என்பதற்கு எந்தக் கொப்பியிலும் பதிவு இல்லை.

பதிவேட்டில் பிழை இருந்தால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒன்பது இடத்திலும் அப்படியே ‘மனைவி வீட்டில் இல்லை’ என்று எழுதினேன். பிறகு மகளுக்குத் தொலைபேசி எடுத்து, நான் அனுப்பிய எண்கள் பொய் என்றேன். உண்மையானவற்றை ஒவ்வொன்றாக வாசித்தேன். அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சொன்னேன்.

“அம்மா மத்தியானத்தில படுக்கிறத்துக்கு நீங்க பேசுவீங்களேப்பா” என்றாள் மகள்.

ஓம், ஏசியிருக்கிறேன், பகலில் என்ன நித்திரை என்று.

கடைக்கார இளைஞர் ஒரு வழி சொல்லியிருந்தார். பெனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து ஒன்றை வைத்தால், மல்லாந்து திரும்பும்போது குத்தும், உடம்பு தானாகச் சரியும். களுவாஞ்சிக்குடியில் பந்து வாங்கினேன். அவளுடைய ஊசிப் பெட்டியை எடுத்து நானே தைத்தேன். தையல் கோணல்தான்.

அன்றைக்குப் படுக்கும்போது, அவள் செய்ததை ஒரு பந்து செய்துவிடக்கூடாது, அது பலிக்கக்கூடாது என்று ஒரு எண்ணம் வந்தது. அது நல்ல எண்ணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் வந்தது.

காலையில் எண் மூன்று. ஒரு கிழமை சேர்த்துப் பார்த்தேன், நாலைத் தாண்டவில்லை. மகள் இனிக் கொழும்புக்கு வரச்சொல்லி வற்புறுத்த மாட்டாள். நான் இந்த வீட்டிலேயே இருக்கலாம்.

இப்போது தாழ்ந்த எண்ணுக்கும் காரணம் எழுதுகிறேன். தினமும் அதே சொல், ‘பந்து’. எழுதி முடித்துக் கொப்பியை மூடுகிறேன். தேத்தண்ணீரை நானே போட்டுக்கொள்கிறேன்.