செண்பகம் டீச்சரின் மாவுச்சத்துப் பாடம்

மாரடைப்பில் செண்பகம் டீச்சர் தவறிவிட்டார் என்று வெள்ளிக்கிழமை காலை ஹெச்எம் போனில் சொன்னபோது, இனி எனக்குப் போட்டி இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது. இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு வராது.

குத்தாலத்தில் எங்கள் பள்ளிக்கு அவர் வேதியியல் ஆசிரியராக வந்தபோது அதே பாடத்தில் நான் அவருக்கு எட்டு ஆண்டு சீனியர். மாவுச்சத்து என்றால் நான் கரும்பலகை நிறைய அறுகோணங்களாக வரைவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அவர் பிள்ளைகளையே குளுக்கோஸாக்கி வரிசையில் நிறுத்திவிட்டார்.

"வலது கை ஒண்ணாம் கார்பன், இடது கை நாலாம் கார்பன். கோத்துக்குங்க. கோக்கும்போது ஒரு தண்ணி மூலக்கூறு வெளியே போயிடும், நடுவுல ஆக்சிஜன் மட்டும் நிக்கும். இது அமைலோஸ். இப்ப இன்னொருத்தர் வந்து பக்கத்து ஆள் தோள்ல வலது கைய வைங்க. தோள்தான் ஆறாம் கார்பன். வாய்க்கால் மாதிரி அங்க கிளை பிரியுது பாருங்க, அது அமைலோபெக்டின். அமைலோஸ் கூடுனா சோறு உதிரியா நிக்கும். கிளை கூடுனா குழைஞ்சு ஒட்டும்."

வகுப்பே சிரித்தது. வராந்தாவில் நின்று கேட்ட எனக்கு வயிறு எரிந்தது. வகுப்பில் கூத்து நடக்கிறது என்று ஹெச்எம்மிடம் போய்ச் சொன்னவளும் நான்தான். ஆனாலும் அவர் பாடம் எடுத்தால் போய் நிற்காமல் இருக்க முடிந்ததில்லை.

ஆய்வுக்கு அதிகாரிகள் வந்த அன்று நான் முந்திக்கொண்டேன். சத்துணவுக் கூடத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சி வாங்கிவந்து அயோடின் விட்டேன். நீலம் வரவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகம் எழுந்தார்.

"அக்கா வேணும்னுதான் சூடா எடுத்திருக்காங்க சார். அமைலோஸ் சுருளுக்குள்ள அயோடின் போய் உக்காந்தாத்தான் நீலம். சூட்டுல உக்காராது. ஆறுனதும் பாருங்க."

ஆறியது, நீலமும் வந்தது. பாராட்டு எனக்குக் கிடைத்தது. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பாற்றுவதில்கூட என்னை மிஞ்சிவிட்டாரே என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் வீட்டுத் தெரு முழுக்கப் பழைய மாணவர்கள். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் கணக்குப் போட்டேன். அவர் கணவர் அருகில் வந்தார்.

"நீங்க வெளியில நின்னு கேக்குறது அவளுக்குத் தெரியும்க்கா. நீங்க நிக்கிற அன்னைக்குத்தான் பாடம் நல்லா வருதுன்னு சொல்லுவா."

திங்கட்கிழமை அவருடைய வகுப்பை நான் எடுத்தேன். பாடத்தின் நடுவே இரண்டு முறை வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

போய் வாருங்கள், செண்பகம்.