மண்மேட்டில் ஒரு பிடி மண்

மாமாவின் ஜீப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுவதற்கென்று ஏலத்தில் எடுத்த ஓட்டை வண்டி அது. அதை ஓட்ட ஜில்லாவிலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அவருக்கு நினைப்பு.

தம்பிக்குக் காது குத்த வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஊர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நிலம் கொடுத்ததற்கு அப்பாவுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, பெல்ட்டில் வரும் மண்ணை மேட்டில் கொட்டும் மெஷினில். குடியிருக்க நெய்வேலியில் குவார்ட்டர்ஸ். ஊரோடு குலசாமி கோயிலும், அதன் வாசலில் நின்ற மண்குதிரையும் போயின. வேறு இடத்தில் புதுக் கோயில் கட்டியவர்கள் பழைய இடத்துப் பிடிமண் எடுத்து வைக்கவில்லை. அந்த மண் இல்லாமல் சாமி எப்படி அங்கே வந்து உட்காரும் என்பது அம்மாவின் கட்சி. பிடிமண் வந்தால்தான் காதுகுத்து என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஊர் இருந்த இடம் இப்போது பள்ளம். தோண்டிய மண்ணெல்லாம் மலையாகக் குவிந்து, கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதில் ஏறி நம் கோயில் மண்ணைத் தேடி எடுத்துவிடலாம் என்றார் மாமா. அப்பா, "அங்க ஒண்ணும் இல்ல" என்றதோடு சரி. அன்றைக்கு எனக்குப் பள்ளியில் நடன ஒத்திகை. போகாவிட்டால் முன்வரிசை இடம் போய்விடும். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? என்னையும் தூக்கி ஜீப்பில் போட்டார்கள்.

மழை அறுத்த ஓடைகளில் ஜீப் ஒருபக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து ஏறியது. சீமைக்கருவேல முள் என் கையைக் கீறியது. தம்பி அம்மாமேல் வாந்தி எடுத்தான். "எனக்கு வழி தெரியும்க்கா, நீ சும்மா குந்திகினு வா" என்று மாமா ஒரே தைலமரத்தை மறுபடி மறுபடி சுற்றிவந்து, கடைசியில் களிமண்ணில் சக்கரத்தைப் புதைத்தார்.

"எல்லாம் ஒரே மண்ணுதாங்க்கா. இங்கியே ஒரு பிடி அள்ளிக்கோ" என்றார் மாமா.

"கண்டவன் வூட்டு மண்ண அள்ளிகினு போய் சாமின்னு கும்பிடச் சொல்றியா?" என்று அம்மா கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.

அப்பா இறங்கினார். எங்கும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. நேரே நடந்து ஒரு சரிவில் போய் நின்றார். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே மண்ணில் ஓட்டுச்சில்லுகள், சுட்ட மண் துண்டுகள். அப்பா ஒன்றைக் குனிந்து எடுத்தார். குதிரையின் காது.

"இங்கதான்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இடம் தெரிந்துகொண்டே காலையிலிருந்து இத்தனை பேரை அலைக்கழித்திருக்கிறார்! மாமாவாவது தெரியாமல் சுற்றினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

அப்பா அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் எனக்கு. பெல்ட்ல நம்ம குதிரை வந்துச்சு. மெஷின நிறுத்தல."

வழி கேட்டால் ஷிப்ட் கதை சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. "மொதல்லயே சொல்லியிருந்தா என் ஒத்திகை போயிருக்காதுல்ல?" என்று அவரிடம் கத்தினேன். அவர் திட்டவில்லை.

அம்மா ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒருவழியாக மாமா ஜீப்பை மீட்டுக்கொண்டு வந்தபோது அவள் ஏறவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து நடந்தே இறங்கினாள்.

முன்வரிசை போனதற்காக அப்பாவோடு நான் பல நாள் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. முதலிலேயே வழி சொல்லாத கோபம்தான் அவளுக்கும் என்று நினைத்து, வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்த தெம்பில் இருந்தேன்.