காகம் இறங்காத காடு

"ஒரு பொம்பிளைப்பிள்ளை காட்டுக்குள்ள தனிய நிண்டு ஆரைத் தடுக்கப் போறா?" என்று மாமா கேட்டார். எனக்கு வேலை கிடைத்த சந்தோசத்தில் அம்மா அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். இடியப்பத்தைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே கேட்டார்.

நான் சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு முதல் இடப்பெயர்வோடு நின்றது. அப்பாவுடையது அதற்கும் முன்னரே. பட்டமளிப்பு அன்று அப்பா பெற்றோல் நிலையத்து ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து, என் கறுப்பு அங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். சேலைக்கடையில் துணி பார்ப்பதுபோல. அதற்குப் பிறகு மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

குரோய்டனிலிருந்து ட்ராமில் கடைசிவரை போய், அங்கிருந்து மேடேறி நடந்தால், லண்டன் முடியும் இடத்தில் ஒரு தனியார் காடு வரும். பணக்காரர்கள் சிலர் சேர்ந்து அதை வேட்டைக்கென்று வைத்திருக்கிறார்கள். பெசன்ட் என்ற நீண்ட வால் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்துக் காட்டில் விட்டு, குளிர்காலச் சனிக்கிழமைகளில் வந்து சுடுவார்கள். நிலங்களைப் பராமரிப்பதுபற்றிப் படித்த எனக்கு அங்கே கிடைத்த வேலை, வெளியாட்கள் உள்ளே வராமல் பார்ப்பது. அறிவிப்புப் பலகை அடிப்பேன். ஏதும் அசைந்தால் படம் பிடிக்கும் கமராக்களை மரங்களில் கட்டுவேன். நாயோடு வழிதவறி வருபவர்களையும் காளான் பிடுங்க வருபவர்களையும் பொதுப்பாதைக்குத் திருப்பிவிடுவேன். துப்பாக்கிச் சூடு நடக்கும் நாள்களில் பாதையோரம் சிவப்புக் கொடியுடன் நிற்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் அந்தக் காட்டின் கீப்பர். அறுபது தாண்டிய வெள்ளைக்காரர், பெசன்ட்களை வளர்ப்பவர். முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன என்று காகங்களைச் சுடுவார், கூண்டு வைத்துப் பிடிப்பார். செத்தவற்றை மேற்கு வேலிக் கம்பியில் தலைகீழாக வரிசையாகக் கட்டித் தொங்கவிடுவார், மற்றக் காகங்கள் பார்க்கட்டும் என்று. காற்று வீசினால் அவை செட்டையை விரிக்கும். முதல்முறை கண்டபோது உயிருள்ளவை என்று நினைத்து, அவிழ்த்துவிடக் கிட்டப் போனேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, கீப்பர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிலத்தைக் காட்டினார். உறைபனியில் வெறுங்கால் தடங்கள். ஓர் ஓக் மரத்தடியில் தொடங்கி, வெட்டுப்பட்ட அடிமரம் ஒன்றுவரை போய், திரும்பி அதே மரத்தடிக்கு வந்து முடிந்திருந்தன. வெளியிலிருந்து மரத்தடிக்கு வந்த தடமும் இல்லை, அங்கிருந்து வெளியே போன தடமும் இல்லை.

"இந்தக் குளிரில் எந்த மனிதன் வெறுங்காலோடு நடப்பான்?" என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். முதல்நாள் அவர் ஒரு குரல் கேட்டிருக்கிறார். காகத்தின் குரல், ஆனால் அது காகத்தின் தொண்டை இல்லை. காட்டிலிருந்த காகங்கள் எல்லாம் அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒன்றாக அடங்கிப் போயினவாம்.

எப்படிக் கேட்டது என்று விசாரித்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டபடி அவர் அதைச் செய்து காட்டினார்.

"கா... கா... காஆ."

அது எங்கள் வீட்டுச் சமையலறைக் குரல். விரத நாளில் அம்மா யன்னலைத் திறந்து, முதற்பிடி சோற்றை வெளியே வைத்துவிட்டு, இறந்தவர்களுக்காகக் காகத்தைக் கூப்பிடும் குரல், கடைசி எழுத்தில் அதே இழுப்போடு, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வாயிலிருந்து வந்தது.

அடிமரத்தைப் பார்க்கும்படி ஒரு கமராவைக் கட்டினேன்.

மார்கழியில் அது படம் பிடித்தது. முதற்படத்தில் வெறும் அடிமரம். அடுத்ததில் அதன்மேல் ஒரு துண்டு வாழையிலை, இலையில் வெள்ளைக் குவியல். வைத்த ஆளைக் காணவில்லை. பின்னால் உள்ள கிளைகளில் காகங்கள் நெருக்கமாக இருந்தன. எல்லாம் இலையையே பார்த்தன. அதற்குப் பிறகு படத்துக்குப் படம் வெளிச்சம் மங்கிக்கொண்டு போனதே தவிர, ஒரு காகம்கூட இறங்கவில்லை. கமராவை மிகவும் தாழ்வாகக் கட்டிவிட்டேன் போல; ஒரே ஒரு படத்தில் மட்டும், கமராவை ஒட்டியபடி, முழங்காலுக்குக் கீழே இரண்டு வெறுங்கால்களும் வேட்டிக் கரையும் இருந்தன.

அன்று அமாவாசை. கீப்பரிடம் போய், இது சூனியமும் இல்லை, நஞ்சும் இல்லை, இறந்தவர்களுக்கு வைக்கும் சோறு, காகம் தின்றால் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாக எங்களுக்குள் நம்பிக்கை என்று சொன்னேன்.

அவர் யோசித்தார். "காகத்துக்குச் சோறு வைக்க என்னுடைய காடுதானா கிடைத்தது?"

அது எனக்கும் விளங்கவில்லை.

"சூடு நடக்கிற நாளில் அந்த ஆள் அங்கே நின்றால் என்ன ஆகும், தெரியுமா?" என்றார். தெரியும். தடியால் பற்றைகளைத் தட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையாக வர, கோழிகள் கலைந்து எழும்பும்; காட்டின் ஓரத்தில் நிற்பவர்கள் சுடுவார்கள். தாழப் பறக்கும் கோழி ஒன்றின் பின்னே, பனிமூட்டப் புகாருக்குள், ஒரு துப்பாக்கி கொஞ்சம் அதிகமாகத் திரும்பினால் போதும். அந்த அடிமரம் சுடுபவர்களுக்கு நேர் எதிரே இருந்தது.

வீட்டுக்கு வந்து, சமையலறையில் பலசரக்குக் கடை தந்த கலண்டரைப் பார்த்தேன். தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. பருவத்தின் கடைசிச் சூடு அதற்கு முதல்நாள், சனி. ஞாயிறுகளில் சூடு கிடையாது. "ஞாயிறுதான் வருவார். நான் வந்து காத்திருந்து அவரோடு கதைக்கிறேன்," என்று கீப்பரிடம் சொன்னேன். இந்தக் காட்டில் வேறு யாராலும் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்ன பெருமையோடு சொன்னேன்.

சனிக்கிழமை வெள்ளைப் புகார். கொடியோடு நின்ற எனக்கு என் காலிலிருந்த சப்பாத்தே மங்கலாகத் தெரிந்தது. காட்டின் அந்தப் பக்கத்தில் தடிகள் தட்டும் சத்தம் தொடங்கியிருந்தது. வெடிகளும் ஒன்றிரண்டு கேட்டன. அப்போது அம்மா போனில் கூப்பிட்டார்.

"பிள்ளை, வெளியில கண்டதையும் திண்டிடாதை. இண்டைக்கு அமாவாசை விரதம். வேளைக்கு வா."

"இண்டைக்கோ? கலண்டரில நாளைக்கெண்டெல்லோ கிடக்கு."

"அது ஊர் நேரத்துக்கு அடிச்ச கலண்டர். அங்க நாளைக்கு. இஞ்சத்த நேரத்துக்கு இண்டைக்கே பிறந்திடும் எண்டு கோயில்ல சொல்லிப்போட்டினம். உனக்குத் தெரியாதே, படிச்சனி?"

நான் போனைக் காதிலிருந்து எடுக்க முன்னமே, புகாருக்குள்ளிருந்து அது வந்தது. கா. கா. காஆ. பிறகு காடு முழுவதும் காகங்கள் கரைந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. தடிச் சத்தம் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

வோக்கி-டோக்கியை எடுத்து, "நிறுத்துங்கள், உள்ளே ஆள்," என்றேன்.

"நீ கண்டாயா?" கீப்பரின் குரல்.

"இல்லை. கேட்டேன்."

வோக்கி இரைந்துகொண்டிருந்தது. சேர்ந்து சில மாதமான ஒருத்தி காகச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பணக்காரர்களின் பருவக் கடைசிச் சூட்டை நிறுத்தச் சொல்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. கொம்பு ஊதிக் கேட்டது. தடிகள் நின்றன.

நான் உள்ளே போனேன். புகாருக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. ஓக் மரத்தடிக் காய்ந்த சருகில் ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து, பக்கத்தில் பக்கத்தில், உள்ளே சுருட்டிய காலுறையோடு இருந்தது. பொதுப்பாதைவரை பரவிக் கிடந்த அந்தச் சருகில் தடம் விழாது. இதுவரை யாரும் இல்லாத இடத்திலிருந்து நடந்துவந்தவர் இங்கேதான் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார்.

அடிமரத்தின் முன்னால் அந்த மனிதர் நின்றார். வேட்டியின்மேல் தடித்த குளிர்ச்சட்டை. தலை ஈரமாக இருந்தது.

"அங்கிள், அசையாதேங்கோ. இஞ்ச சுடுகினம்."

மெல்லத் திரும்பினார். "பிள்ளை தமிழோ?"

"ஓம். வெடிச் சத்தம் கேக்கேல்லையோ உங்களுக்கு?"

"கேட்டது. கேட்டுப் பழகின சத்தம்தானே."

கையிலிருந்த சிவப்புக் கொடியை அவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். "பயப்பிடாதையும்," என்று எனக்குச் சொன்னார், சுடப்பட இருந்தவர்.

"தாய் தேப்பனுக்கோ வைக்கிறீங்கள்? வீட்டில வைக்கலாமே."

"மகனுக்கு." இலையின் ஓரத்தைச் சரிசெய்தார். "மகன்தான் தேப்பனுக்கு வைக்கிறது. நான் மாறி வைக்கிறன். கடைசிச் சண்டை நேரம் சனத்துக்குள்ள என்ர கையை விட்டவன். வீட்டில மனிசி இப்பவும் அவனுக்கு ஒரு கோப்பை சோறு போட்டு மூடி வைக்கிறவ. நான் காகத்துக்கு வைச்சன் எண்டு தெரிஞ்சால், அவன் செத்துப்போனான் எண்டு நான் சொன்ன மாதிரியெல்லோ."

"அப்ப ஏன் வைக்கிறீங்கள்?"

"செத்திருந்தால், பசியோட நிப்பான்."

மேலே பார்த்தேன். புகாருக்குள் கிளைகள் கறுப்பாகக் கனத்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"காகம் ஒருநாளும் இறங்கினதில்லையோ?"

"இல்லை." அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கம்பியில் தொங்குபவற்றைப்பற்றிச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். படித்தவள் நான், காரணம் தெரிந்தவள். "அங்கிள், இஞ்சத்தக் காகங்கள் ஏன் இறங்குதில்லை எண்டால்..."

"தெரியும் பிள்ளை. அங்கால வேலியில கட்டிக் கிடக்கு, கண்டனான். முதல்ல சவுத்தால் பக்கம் ஒரு பார்க்கில வைச்சுப் பாத்தனான். கையை எடுக்க முன்னம் வந்து திண்டுட்டுதுகள். அண்டைக்கு வீட்ட போய் மனிசியின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு. பிறகுதான் காகம் இறங்காத இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சது."

அவர் சப்பாத்தைப் போடும்வரை நின்றேன். காட்டோரமாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது, துப்பாக்கிகளை மடித்துப் பிடித்தபடி வரிசையாக நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். வேட்டி கட்டிய ஒருவர் புகாருக்குள்ளிருந்து வெளியே வருவதை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற கிழவர் மட்டும் தொப்பியைத் தொட்டார், சவ ஊர்வலத்துக்குத் தொடுவதுபோல.

பாதையில் விடும்போது, "சனிக்கிழமையில வராதேங்கோ அங்கிள். வெடிபட்டால் அன்ரி இரண்டு கோப்பை மூடி வைக்க வேணும்," என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தித் தலையாட்டினார்.

கீப்பரிடம், அவருடைய மகன் காணாமற்போனவன், அவனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் வேலிக் கம்பிப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். "சூடு நடக்கிற நாளில் வரவே கூடாது," என்றார். "மற்ற நாள்களில் எனக்குக் கண் அவ்வளவு தெரியாது."

எல்லோரும் போனபின் கமராவைக் கழற்றப் போனேன். புகார் விலகியிருந்தது. சோறு வைத்தபடியே இருந்தது. கிளையில் இருந்த காகங்கள் இப்போது இலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தன. அவற்றில் ஒன்று ஒரு கிளை கீழே வந்தது. பிறகு இன்னும் ஒரு கிளை. தலையைச் சரித்து, இலைக்கு ஒரு பாய்ச்சல் தூரத்தில் வந்து இருந்தது.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, தொண்டை கிழியக் கத்தி அதைத் துரத்தினேன். எல்லாக் காகங்களும் ஒன்றாக எழும்பிப் போயின. இருட்டும்வரை அந்த அடிமரத்தடியில் காவல் நின்றேன்.

அடுத்த பருவத்தின் சூட்டு நாள்களைக் கீப்பர் இனித்தான் குறிக்கப்போகிறார். அவருடைய கொட்டிலில், கதவுக்குப் பக்கத்து ஆணியில், கோயிலில் வாங்கிய லண்டன் நேரத்துப் பஞ்சாங்கக் கலண்டரை நான் மாட்டிவிட்டேன். அமாவாசைகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டாயிற்று.