ஒருத்தியாவது வந்திருக்கலாம்

சனிக்கிழமை ஆபீஸில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய அடையாள அட்டை வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் இருக்கும் அந்த அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அட்டை இல்லாமல் அமைச்சரே வந்தாலும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். சாயங்காலம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன், அட்டையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அட்டை தொங்குகிறதா என்று பார்த்தேன். தொங்கியது. அதற்கடுத்த வாரமும்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. செங்கல்பட்டில் வீடு. பொதுத்தேர்வு வந்தால் பறக்கும் படையில் என் பெயர் கண்டிப்பாக இருக்கும். கருங்குழி, அச்சரப்பாக்கம் என்று ஜீப்பில் போய் இறங்கினால், பிட் வைத்திருப்பவனைக் கழுத்து திரும்புகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். பாவம், உங்களுக்குத்தான் எவ்வளவு அலைச்சல் என்பார்கள் மற்ற ஆசிரியைகள். நானும் சலித்துக்கொள்வேன். கடமை, என்ன செய்வது?

வீட்டிலும் அதே கடமைதான். போனில் யார், ஏன் சிரித்தீர்கள், ஆபீஸ் பஸ் ஐந்தரைக்கே வந்துவிட்டதே, ஆறு மணி வரை எங்கே நின்றீர்கள்? அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். பதில் சரியாக இருந்தால் அதிலும் ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்றால் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்தாரோ?

மூன்று வாரம் ஆதாரம் சேர்த்தேன். சட்டையில் முதுகுப் பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. தலை புதிதாக வாரியிருந்தது. இருபது வருடக் கல்யாணம் இந்தக் கசங்கிய சட்டையோடு முடிந்துவிடப் போகிறது என்று நிஜமாகவே பயந்தேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு ஓரம் அவர் பைக்கைப் பார்த்ததாக ஓர் ஆசிரியை வேறு சொல்லி வைத்தாள்.

பயந்தவளுக்குத் தூக்கம் வரக் கூடாதில்லையா? நான் நன்றாகத் தூங்கினேன். நாலாவது சனிக்கிழமை விடியும் முன்பே எழுந்து குடை, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் பையில் போட்டு ஒளித்து வைத்தேன். அவர் கண்டிராத ஒரு புடவையை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பது அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

"இன்னா டீச்சர், குஷியா கீற?"

அவர் போனதும் நான் பஸ் பிடித்தேன். தோப்பில் பைக் நின்றிருந்தது. மரத்தடியில் லுங்கியை விரித்து, சோற்று டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க ஒருத்தி வருவாள், வரட்டும் என்று எதிரே இளநீர்க் கடையில் குடை மறைவில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டாவது இளநீரும் முடிந்தது.

"இன்னாக்கா, யார்னா வரணுமா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா," என்றேன்.

ஒருத்தியும் வரவில்லை. அவர் ஒருமுறை எழுந்து சோறு தின்றார், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், மறுபடி படுத்துவிட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது, அழுகை முட்டுகிற அளவுக்கு. புருஷன் தப்பு செய்யவில்லையே என்று ஒரு பொம்பளை வருத்தப்படுவாளா? நான் பட்டேன். கடமையாவது ஒன்றாவது! மாட்டிக்கொண்டவரின் முகம் மாறுகிற அந்த நொடி எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் இத்தனை வருடமும் இந்த மனிதரைக் குடைந்திருக்கிறேன். வீட்டில் கண்ணை மூடிப் படுத்தால், என்ன யோசனை என்று கேட்டு எழுப்புவேன். அதனால்தான் மனுஷன் இவ்வளவு தூரம் பைக் ஓட்டி வந்து தூங்குகிறார். வெட்கமாக இருந்தது.

எழுப்பாமல் திரும்பினேன். நான் வந்தது தெரிந்தால் இந்தத் தோப்பும் அவருக்கு இல்லாமல் போய்விடும்.

சாயங்காலம் வந்தார். "ஆபீஸ்ல பெண்டு நிமிந்துச்சு," என்று நாற்காலியில் சாய்ந்தார். நாக்கு நுனியில் கேள்வி வந்து நின்றது. கூடவே மாட்டவைக்கிற அந்தச் சந்தோஷமும் வந்தது, கூச்சமே இல்லாமல். இரண்டையும் அடக்கிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

அவர் டம்ளரைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, ஒண்ணுமே கேக்கல? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்குத்தான் கேக்கறது புடிக்கும். சந்தேகம்லாம் அப்புறம்தான்."

"அது கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்." இப்போது காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இன்னிக்குத்தான்."

எப்படி என்று கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.